குழி இல்லை, பந்து இல்லை... ஆனாலும் கோல்ஃப்! மிரள வைக்கும் டிஸ்க் கோல்ஃப் மைதானங்களைத் தெரியுமா?

வெள்ளைப் பந்து, நீள மட்டை, சீராக வெட்டிய புல்தரை. கோல்ஃப் என்றால் இதுதானே நினைவுக்கு வரும்? ஆனால் பந்தும் மட்டையும் குழியும் இல்லாமலே ஒரு கோல்ஃப் இருக்கிறது, தெரியுமா?

கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடை. எத்தனை குறைவான வீச்சில் தட்டைக் கூடைக்குள் சேர்க்கிறீர்கள்? அவ்வளவுதான் ஆட்டம்! பெயர், டிஸ்க் கோல்ஃப். உலகம் முழுக்க 15,000-க்கும் மேற்பட்ட மைதானங்கள்! அதில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது! ஏன் தெரியுமா? இங்கே மேட்டை இடித்துச் சமன் செய்வதில்லை. பாறையைப் பெயர்ப்பதில்லை. நிலம் எப்படிக் கிடக்கிறதோ, அதுவேதான் உங்கள் எதிராளி! அதனால்தான் எந்த மைதானம் எந்த ரகம், எதற்கு முதலிடம் என்று தரம் பிரிப்பதில் ரசிகர்களுக்கு அத்தனை வெறி! வாருங்கள், ஒரு சுற்று போய்வரலாம்!

தகர மூடியில் தொடங்கிய ஆட்டம்!

இந்த ஆட்டத்தின் முதல் தட்டு எது தெரியுமா? தகர டப்பாவின் மூடி! 1926-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், பிளாட்வொர்த் என்ற சின்ன ஊரின் பள்ளிப் பிள்ளைகள் தகர மூடிகளை வீசி கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள். பெயரும் வைத்தார்கள்: தகர மூடி கோல்ஃப்! சுமார் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே!

5 சென்ட் தட்டுக்கு 25 சென்ட்!

அமெரிக்கர் ஃபிரெட் மாரிசன் ஒருநாள் கடற்கரையில் கேக் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்த ஒருவர் அதை 25 சென்டுக்குக் கேட்டார். கடையில் அதன் விலையோ வெறும் 5 சென்ட்! 'அட, இதில் வியாபாரம் இருக்கிறதே!' என்று பொறிதட்டியது மாரிசனுக்கு. பிறகு அவர் செய்த பிளாஸ்டிக் தட்டை 1957-இல் வாம்-ஓ நிறுவனம் வாங்கியது. அதுதான் உலகப் புகழ் ஃபிரிஸ்பீ!

தட்டு வீசினால் கார் பரிசு!

1974-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஒரு பறக்கும் தட்டுப் போட்டி. அதில் டிஸ்க் கோல்ஃபும் உண்டு. முதல் பரிசு என்ன தெரியுமா? புத்தம் புதிய டாட்சன் கார்! ஜெயித்தவர் டான் ராடிக். தட்டை வீசியே கார் வாங்கிவிட்டார் மனிதர்!

முதல் மைதானத்தின் பக்கத்து வீடு, நாசா!

உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் எங்கே இருக்கிறது? கலிஃபோர்னியாவில் பாசடீனாவை ஒட்டிய ஓக் குரோவ் பூங்காவில்! ஆண்டு 1975. அமைத்தவர் எட் ஹெட்ரிக். அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில் எது தெரியுமா? செவ்வாய்க்கு ஊர்திகளை அனுப்பும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம்! ஒரு பக்கம் விண்கலம், மறுபக்கம் பறக்கும் தட்டு!

சங்கிலி எதற்கு?

முதலில் கூடையே கிடையாது! ஊன்றிய கம்பத்தில் தட்டு பட்டால் போதும். 'பட்டதா, படவில்லையா?' என்று சண்டை வராமல் இருக்குமா? ஹெட்ரிக் யோசித்தார். கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகள், கீழே ஒரு கூடை! வேகமாக வரும் தட்டு சங்கிலியில் மோதி வேகம் இழந்து கூடையில் விழும். 1977-இல் காப்புரிமை கிடைத்தது. சங்கிலி குலுங்கும் அந்தச் 'சலங்' ஓசைக்காகவே ஆடுபவர்கள் இன்றும் உண்டு!

இறந்த பிறகும் பறக்கிறார்!

ஹெட்ரிக் 2002-இல் காலமானார். அவரது விருப்பப்படி அஸ்தியை என்ன செய்தார்கள் தெரியுமா? பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்துவிட்டார்கள்! தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தில் உறுப்பினர் எண் 1 அவருடையதுதான்!

ஹோலுக்கு ஓர் ஏக்கர்!

குழியே இல்லாவிட்டாலும், தொடக்க மேடையில் இருந்து கூடை வரையிலான ஒவ்வொரு பகுதியையும் இங்கேயும் 'ஹோல்' என்றுதான் சொல்வார்கள். வழக்கமான 18 ஹோல் கோல்ஃப் மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். டிஸ்க் கோல்ஃபுக்கு? ஹோலுக்குச் சுமார் ஓர் ஏக்கர் என்று கணக்கு வைத்தே தொடங்கிவிடலாம்! தண்ணீர் பாய்ச்சும் புல்வெளி வேண்டாம். பள்ளத்தாக்கு, சரிவு, ஓடைக்கரை என வேறு எதற்கும் உதவாத நிலம் என்றால் இன்னும் கொண்டாட்டம்!

இரண்டே கேள்விகள்... ஒன்பது ரகங்கள்!

இனி தரம் பிரிக்கும் வேலைக்கு வருவோம். ஒரு மைதானத்தின் நிலத்தை எப்படி வகைப்படுத்துகிறார்கள் தெரியுமா? இரண்டு கேள்விகள் போதும்! முதல் கேள்வி: மேடு பள்ளம் எவ்வளவு? சமதளம், ஓரளவு மேடு பள்ளம், செங்குத்தான மேடு பள்ளம். இரண்டாவது கேள்வி: மரம் எவ்வளவு? அங்கொன்றும் இங்கொன்றும், ஓரளவு, அடர்ந்த காடு. மூன்றை மூன்றால் பெருக்குங்கள். ஒன்பது ரகங்கள்! 'செங்குத்து, அடர்காடு' என்று எழுதியிருந்தால் முழங்காலுக்கும் பொறுமைக்கும் சேர்த்துச் சோதனை என்று அர்த்தம்!

நிறம் சொல்லும் கடினம்!

ஒரே ஹோலில் தொடக்க மேடை இரண்டு, மூன்று, நான்குகூட இருக்கும்! எல்லாம் வேறு வேறு தூரத்தில்! யார் எங்கே நின்று வீசுவது? நிறம்தான் வழிகாட்டி! பச்சை புதியவர்களுக்கு. சிவப்பு 850 தரப்புள்ளிக்காரர்களுக்கு. வெள்ளை 900. நீலம் 950. தங்க நிறம் 1000! பாட்டியும் பேரனும் உலக சாம்பியனும் ஒரே மைதானத்தில் ஆடலாம். நிறம் மட்டும்தான் வேறு!

அந்த 1000 என்ன கணக்கு?

ஒவ்வொரு போட்டி ஆட்டக்காரருக்கும் ஒரு தரப்புள்ளி உண்டு. 1000 என்றால் கைதேர்ந்தவர். இந்த 1000 புள்ளிக்காரர் ஒரு மைதானத்தை எத்தனை வீச்சில் முடிப்பார் என்ற சராசரியைக் கொண்டு அந்த மைதானம் எவ்வளவு கடினம் என்றும் சொல்லிவிடலாம்! மைதானம் ஆளை அளக்கிறது, ஆள் மைதானத்தை அளக்கிறார்! ஜாடிக்கேற்ற மூடி!

ஒரு அடி ஏறினால் மூன்று அடி!

100 மீட்டர் ஹோல் என்றால் 100 மீட்டர்தானா? இல்லவே இல்லை! மேட்டை நோக்கி வீசும்போது, ஒவ்வொரு அடி ஏற்றத்துக்கும் மூன்று அடி தூரத்தைக் கூட்டிக்கொள்வது வடிவமைப்பாளர்களின் கணக்கு. இறக்கம் என்றால் அதே அளவு கழித்துக்கொள்வார்கள். நாடா வைத்து அளந்தால் ஒரு நீளம், கை வலியில் அளந்தால் வேறு நீளம்!

எல்லோருக்கும் 3 வந்தால் ஃபெயில்!

ஒரு நல்ல ஹோலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆடியவர்கள் எடுத்த எண்களைப் பாருங்கள். வல்லவரும் 3, சுமாரானவரும் 3 என்றால் அந்த ஹோல் எதையும் சோதிக்கவில்லை! சிலருக்கு 2, பலருக்கு 3, தவறு செய்தவருக்கு 4 அல்லது 5 என்று பரவி வந்தால்தான் அது தரமான ஹோல். எண்கள் பரவப் பரவ வடிவமைப்பாளர் முகத்தில் சிரிப்பு!

குருட்டு அதிர்ஷ்டம் என்றால் மதிப்பெண் வெட்டு!

மரங்களுக்கு நடுவே நியாயமான இடைவெளியே விடாமல், வீசிவிட்டுச் சாமியைக் கும்பிட வைக்கும் ஹோல்கள் சில உண்டு. ரசிகர்களுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது! வழி குறுகலாக இருக்கலாம். ஆனால் வழி என்று ஒன்று இருக்க வேண்டும்! நல்ல வீச்சுக்குப் பலன், மோசமான வீச்சுக்குத் தண்டனை. இதில் சமரசமே இல்லை!

இடதும் வேண்டும், வலதும் வேண்டும்!

வலக்கைக்காரர் உடலின் குறுக்கே கையைக் கொண்டுபோய் வீசினால் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும். அதே வலக்கையால் முன்பக்கமாகச் சுண்டி வீசினால் வலப்பக்கம் சாயும். அப்படியானால் 18 ஹோலும் இடப்பக்கமே வளைந்தால்? பாதித் திறமைக்கு வேலையே இல்லை! இடம், வலம், நேர், ஏற்றம், இறக்கம், குட்டை, நெட்டை எல்லாம் கலந்து வந்தால்தான் உச்ச மதிப்பெண்!

ஐந்துக்கு எத்தனை?

ஆடி முடித்தவர்கள் மைதானத்துக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். எதையெல்லாம் பார்ப்பார்கள் தெரியுமா? தொடக்க மேடை கான்கிரீட்டா, சேறா? வழிகாட்டிப் பலகை இருக்கிறதா? அடுத்த ஹோலைத் தேடி அலைய வேண்டுமா? நடைபயிற்சிக்காரர்கள் குறுக்கே வருகிறார்களா? காட்சி அழகு எப்படி? காசைக் கொட்டி அமைத்ததற்காக மதிப்பெண் இல்லை. நிலத்தைச் சரியாகப் பயன்படுத்தியதற்குத்தான் மதிப்பெண்!

10 மீட்டர் லட்சுமணக் கோடு!

கூடையைச் சுற்றி 10 மீட்டருக்கு ஒரு வட்டம். அதற்குள் வந்துவிட்டால் வீசிய பிறகு முன்னால் தடுமாறிக் கால் வைக்கக்கூடாது! சமநிலை காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். கூடை விளிம்பின் உயரம் சுமார் 82 செ.மீ. தான். ஆனால் சில மைதானங்களில் கூடையைப் பாறை மேல், மரக்கட்டை மேல், சரிவின் விளிம்பில் எல்லாம் வைத்திருக்கிறார்கள்! தவறினால் தட்டு பள்ளத்தில் உருண்டோடும்!

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது. அதே கண்ணோடு இந்த மைதானங்களைப் பாருங்கள். தலை சுற்றும்!

மலை: ஒரே ஊரில் இரண்டு முகம்!

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்ற பனிச்சறுக்கு விடுதி. அங்கே இரண்டு மைதானங்கள். ப்ரூஸ்டர் ரிட்ஜில் மரங்கள் மறிக்கும் காட்டுப் பாதை! ஃபாக்ஸ் ரன் மெடோஸில் நீண்டு விரிந்த புல்வெளி! ஒரே மலை, பக்கத்துப் பக்கத்து மைதானங்கள், குணமோ எதிரும் புதிரும்! உலக சாம்பியன்ஷிப் 2018-இல் இங்கே நடந்தது. 2023-இல் மறுபடியும் இங்கேயே!

மலை: 'உலகத்தின் உச்சி'!

கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸ் நகரில் டிலவேகா மைதானம். அதன் 27-வது ஹோலுக்குப் பெயரே 'உலகத்தின் உச்சி'! மேலே நின்றால் தொலைவில் மான்டரே வளைகுடாக் கடல். கீழே எங்கோ கூடை. வீசிய தட்டு இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது! இந்த ஒரு வீச்சுக்காகவே ஊர் தாண்டி வருகிறார்கள்!

மலை: குளிர்காலச் சறுக்கு, கோடைகாலச் சவால்!

மிச்சிகனின் கென்சிங்டன் பூங்காவில் பனிக்காலத்தில் மக்கள் சறுக்கி விளையாடும் குன்றுகள் உண்டு. வெயில் காலம் வந்தால் அங்கே கூடைகள் முளைத்துவிடும்! அதுதான் டொபாகன் மைதானம். 2018-இல் இங்கே தொழில்முறை வீரர் பால் மெக்பெத் என்ன செய்தார் தெரியுமா? 18 ஹோல் சுற்றை, 'பார்' எனப்படும் எதிர்பார்க்கப்படும் வீச்சு எண்ணிக்கையைவிட 18 வீச்சு குறைவாக முடித்தார்! சராசரியாக ஹோலுக்கு ஒன்று மிச்சம்!

மேலே போனால் தட்டின் குணமே மாறும்!

மலை உச்சியில் காற்று அடர்த்தி குறைவு. அதனால் தட்டு மிதப்பது குறையும். சீக்கிரமே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிடும்! கடற்கரையில் நேராகப் பறந்த அதே தட்டு, கொலராடோ மலையில் வேறு தட்டுபோல நடந்துகொள்ளும்! அதே கை, அதே வீச்சு, பாதை மட்டும் வேறு!

காடு: மரத்தில் 90 சதவீதம் காற்று!

டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் ஒரு சொலவடை உண்டு: மரத்தில் 90 சதவீதம் காற்றுதான்! அப்படிச் சொல்லித்தான் காட்டுக்குள் தட்டை வீசுவார்கள். மீதி 10 சதவீதத்தில் 'டொக்' என்று மோதும்போதுதான் உண்மை தெரியும்! இல்லினாய் மாநிலம் மார்ட்டன் ஊரின் நார்த்வுட் பூங்கா, கென்டக்கியின் ஐடில்வைல்ட் என்று சில பெயர்களைச் சொன்னாலே தொழில்முறை வீரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். குறுகிய வழி, பெரிய தண்டனை!

காடு: இந்த மரத்துக்கு வலப்பக்கம் மட்டும்!

சில மரங்களில் அம்புக்குறி மாட்டியிருப்பார்கள். தட்டு அந்த மரத்தின் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும்! மாறிப்போனால் ஒரு வீச்சு அபராதம்! காட்டுக்கும் போக்குவரத்து விதி!

காடு: பறக்காவிட்டால் உருட்டு!

கிளைகள் தாழ்ந்து வழியை அடைத்தால் என்ன செய்வார்கள்? தட்டைச் செங்குத்தாகத் தரையில் இறக்கிச் சக்கரம்போல உருட்டிவிடுவார்கள்! சட்டப்படி செல்லும் வீச்சுதான்! மரத்துக்கு மேலே போக வேண்டுமா? தலைக்கு மேலிருந்து கோடரிபோலச் சுழற்றி வீசுவார்கள். தட்டு உயரே போய்க் கவிழ்ந்து இறங்கும்!

வெளி: மரமே இல்லை, ஆனாலும் நடுக்கம்!

சமதளம், திறந்தவெளி. சுலபம் என்று நினைக்கிறீர்களா? கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவுக்குப் போய்ப் பாருங்கள்! மக்கள்தொகை சுமார் 24,000. ஆனால் உலக டிஸ்க் கோல்ஃப் வரைபடத்தில் பெரும்புள்ளி! 2022-இல் உலக சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. இங்கே எதிராளி மரமில்லை, காற்று! எதிர்க்காற்று தட்டைக் கவிழ்க்கும். பின்காற்று அதை வேகமாகத் தரையிறக்கும். கண்ணுக்குத் தெரியாத சுவர்!

வெளி: கயிறே மதில்!

தென் கரோலினாவின் வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் அமெரிக்கச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. மரம் குறைந்த இடத்தை எப்படிக் கடினமாக்குவது? மஞ்சள் கயிறு கட்டினார்கள்! கயிற்றைத் தாண்டி விழுந்தால் அபராதம்! ஒரு ஹோலின் பெயர் '888'. ஏன் தெரியுமா? அதன் நீளம் 888 அடி, அதாவது சுமார் 271 மீட்டர்! புகழ்பெற்ற 17-வது ஹோலில் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளால் வேலி! கோப்பை கைக்கு வரும் நேரத்தில் பலரின் கனவு கலைந்த இடம் அது!

நீர்: கிறிஸ்துமஸ் மரத் தோப்புக்குள் உலகத் தரம்!

'உலகின் சிறந்த மைதானம் எது?' என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் எது தெரியுமா? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேப்பிள் ஹில்! யூடிஸ்க் செயலியில் ஆட்டக்காரர்கள் போட்ட மதிப்பெண்களை வைத்து ஆண்டுதோறும் வெளியாகும் பட்டியலில் உச்சியைத் தொட்ட மைதானம். அதைவிட ஆச்சரியம், அது ஒரு கிறிஸ்துமஸ் மரப் பண்ணை! வரிசையாக நிற்கும் குட்டி மரங்கள், குளத்தின் மேல் வீச வேண்டிய ஹோல்கள், அடர்காடு, சரிவு என எல்லாம் ஒரே வேலிக்குள்! நான்கு நிறத் தொடக்க மேடைகள் வேறு!

நீர்: 171 மீட்டர் நீரூற்று!

அரிசோனாவின் ஃபவுன்டன் ஹில்ஸ் ஊரில் ஏரிக்கரையில் ஒரு மைதானம். ஏரி நடுவில் இருந்து பீய்ச்சும் நீரூற்று எவ்வளவு உயரம் எழும்ப முடியும் தெரியுமா? 560 அடி, அதாவது சுமார் 171 மீட்டர்! பாலைவன ஊரில்! தட்டைப் பார்ப்பதா, தண்ணீரைப் பார்ப்பதா?

நீர்: மிதக்கும் தட்டு!

ஏரியில் விழுந்தால் தட்டு போச்சா? பெரும்பாலும் போச்சு! அதற்காகவே தண்ணீரில் மிதக்கும் தட்டுகளைச் செய்து விற்கிறார்கள்! மூழ்கியதை எடுக்கக் கயிற்றில் கட்டிய கொக்கியும் கடையில் கிடைக்கும்!

நீர்: இறங்காதீர்கள்!

ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை. ஃப்ளோரிடா ஏரிகளில் அலிகேட்டர் முதலைகள் உண்டு. 2022-இல் லார்கோ நகரில் டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய ஏரியில் தொலைந்த தட்டுகளைத் தேடி இறங்கிய ஒருவர் உயிரிழந்தார். தட்டு போனால் வாங்கிக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையை மதியுங்கள்!

பாலை: 338 மீட்டர் பறந்த தட்டு!

மனிதக் கை ஒரு தட்டை எவ்வளவு தூரம் வீசும்? 2016-இல் நெவாடா பாலைவனத்தின் ப்ரிம் என்ற இடத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் வீசிய தூரம் 338 மீட்டர்! மூன்று கால்பந்து மைதானங்களின் நீளத்தைத் தாண்டும்! ஏன் பாலைவனம்? மரமில்லாத வெளியும் பலத்த காற்றும்தான் காரணம்!

பனி: அண்டார்டிகாவிலும் கூடை!

பென்குவின் தேசத்திலும் டிஸ்க் கோல்ஃப் உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் மெக்மர்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மைதானம் இருக்கிறது! உலகின் கடைக்கோடியில் விஞ்ஞானிகளின் பொழுதுபோக்கு! நிலமும் காற்றும் குளிரும் சேர்ந்து எதிராடும் இடம்!

பனி: வாலோடு பறக்கும் தட்டு!

பனியில் தட்டு புதைந்தால் எப்படித் தேடுவது? தட்டின் அடியில் நீளமாக ஒரு ரிப்பனை ஒட்டிவிடுவார்கள்! தட்டு புதைந்தாலும் வால் வெளியே தெரியும்! இருட்டிவிட்டதா? சின்ன எல்.இ.டி. விளக்கை ஒட்டி வீசுவார்கள். நடு இரவிலும் ஆட்டம் நிற்காது!

பனி: சின்னத் தீவு, பெரிய எண்ணிக்கை!

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 4 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அங்கே எத்தனை டிஸ்க் கோல்ஃப் மைதானங்கள் தெரியுமா? 70-க்கும் மேல்! தலைக்கு இத்தனை மைதானம் என்று கணக்குப் போட்டால் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு!

நோக்கியா என்றால் ஃபோன் மட்டுமா?

பின்லாந்தில் நோக்கியா என்று ஓர் ஊரே இருக்கிறது! கைபேசி நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அதுதான்! அங்கே உள்ள மைதானத்தின் பெயர் 'பீஸ்ட்'. முரட்டு மிருகம்! 2025-இல் நோக்கியாவிலும் பக்கத்து நகரம் டாம்பெரேவிலும் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஐரோப்பாவில் அதுவே முதல்முறை!

குட்டி நாட்டின் ராணி!

எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். அங்கிருந்து வந்த கிறிஸ்டின் டாட்டர் 2022, 2023 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலக சாம்பியன்! முதல் பட்டம் காற்று வீசும் எம்போரியாவில். இரண்டாவது மலைமேல் ஸ்மக்லர்ஸ் நாட்சில். நிலம் மாறியது, ஜெயித்தவர் மாறவில்லை!

75 மீட்டரில் இருந்து ஒரு மந்திரம்!

2021, யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகர். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஹோல். ஜேம்ஸ் கான்ராட் ஒரு வீச்சு பின்தங்கியிருக்கிறார். கூடைக்கு இன்னும் 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர்! வீசினார். தட்டு நேராகச் சங்கிலிக்குள்! ஆட்டம் சமன்! தொடர்ந்த கூடுதல் ஆட்டத்தில் பால் மெக்பெத்தை வென்று பட்டத்தையும் தட்டிச் சென்றார்!

பட்டமும் வேகமும் பணமும்!

கென் கிளைமோ எத்தனை உலகப் பட்டம் வென்றார் தெரியுமா? 12! அதிலும் 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது! சைமன் லிசாட் வீசிய ஒரு தட்டின் வேகம் மணிக்குச் சுமார் 144 கி.மீ.! வேகப்பந்து வீச்சாளர்களின் வேகம்! 2021-இல் பால் மெக்பெத் ஒரு தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 1 கோடி டாலர்!

தட்டிலேயே நான்கு எண்கள்!

பல தட்டுகளின் மேல் நான்கு எண்கள் இருக்கும். வேகம், மிதப்பு, பாதி வழியில் திரும்பும் குணம், கடைசியில் சாயும் குணம்! திறந்தவெளி மைதானத்துக்குக் கூர்விளிம்பு வேகத் தட்டு. காட்டுக்கு நேராகப் போகும் நடுத்தரத் தட்டு. கூடைக்குப் பக்கத்தில் மழுங்கிய விளிம்புத் தட்டு. மைதானத்தின் ரகம் தெரிந்தால்தான் பையில் எதை அடுக்குவது என்றே தெரியும்!

ஒரே வளாகத்தில் மூன்று!

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆப்லிங் என்ற ஊரில் சர்வதேச டிஸ்க் கோல்ஃப் மையம் இருக்கிறது. பெரிய ஏரிக்கரை, காட்டுப் பூங்கா, மூன்று முழு மைதானங்கள்! ஒன்றின் பெயர் எட் ஹெட்ரிக் நினைவு மைதானம். புகழ்மண்டபமும் அங்கேயே!

ஏரி, மலை, இலவசம்!

நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் தோட்டத்தில் 18 ஹோல் மைதானம். ஒரு பக்கம் வாகாடிப்பு ஏரி, சுற்றிலும் மலைகள், நடுவில் ஓங்கிய மரங்கள்! கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒன்றுமில்லை! உலகின் பெரும்பாலான டிஸ்க் கோல்ஃப் மைதானங்கள் இப்படி யாரும் இலவசமாக ஆடக்கூடிய பொதுப் பூங்காக்கள்தான்!

சரி, எதற்குத்தான் முதலிடம்?

மிக நீளமான மைதானத்துக்கா? இல்லை! மிகக் கடினமானதற்கா? அதுவும் இல்லை! இருக்கும் மலையை மலையாகவே, காட்டைக் காடாகவே விட்டுவைத்து, அதற்குள் நியாயமான 18 கேள்விகளைக் கேட்கும் மைதானத்துக்குத்தான் முதலிடம்! புதியவருக்கும் வழி விட்டு, சாம்பியனையும் வியர்க்க வைக்கும் மைதானமே சிறந்த மைதானம்!

வெளிநாடு போகிறீர்களா? பூங்காவில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை கண்ணில் பட்டால் வேடிக்கை பார்த்துவிட்டு நகராதீர்கள்! அது சமதளமா, செங்குத்தா? வெளியா, அடர்காடா? மேடை நிறம் என்ன? பாருங்கள், உங்கள் மதிப்பெண்ணைப் போடுங்கள்! மட்டை வேண்டாம், உறுப்பினர் அட்டை வேண்டாம். ஒரே ஒரு தட்டு போதும், வீசிப் பாருங்கள்!